பூட்டன் படமும் காக்ஸ் டவுன் பட்டறையும்: ரவி வர்மாவா, இல்லையா?

பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை. நடத்துகிற பெண்ணே வேண்டாம் என்றாள். "பேரு போட்டீங்கன்னா நாளைக்குக் காலையில பத்துப் பேரு காலண்டரைத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க அக்கா, எல்லாம் ரவி வர்மான்னு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் வருகிறார்கள் என்பது முகத்தில் தெரிந்தது. அதனால் அடையாளம் மட்டும்: பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு பழைய ஓட்டு வீடு. கீழே அவள் அப்பா ஐம்பது வருஷமாக நடத்தும் ஃபிரேம் கடை. மாடியில் அவளுடைய பட்டறை. பழைய ஓவியங்களை ஆராய்வது, பழுது பார்ப்பது, சுத்தம் செய்வது. அப்பாவும் மகளும் பெங்களூர்த் தமிழர்கள். பேச்சில் பாதிக்குக் கன்னடம் எட்டிப் பார்க்கும்.

நான் கொண்டுபோனது என் பூட்டனின் படம். அப்பாவின் தாத்தா. திருவிதாங்கூர் சர்க்காரில் தாசில்தாராக இருந்தவர். நாகர்கோவில் 1956-ல்தானே இந்தப் பக்கம் சேர்ந்தது, அதனால் எங்கள் வீட்டுப் பழங்கதைகள் எல்லாவற்றுக்கும் திருவனந்தபுரம்தான் தலைநகரம். நாலடிக்கு மூன்றடி கேன்வாஸ். வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, தோளில் கரை வைத்த நேரியல், பக்கத்தில் ஒரு சின்ன மேசை, அதன்மேல் இரண்டு புத்தகம். இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. சின்ன வயதில் நான் பார்த்தபோது ஒரு தலைப்பாகையும் இரண்டு கண்ணும்தான் தெரியும், மீதியெல்லாம் அடுப்படிச் சுவர் நிறம். வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குத் துடைத்து, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போடுவார்கள். துடைப்பது தேங்காய் எண்ணெயால்.

"இது ரவி வர்மா போட்ட படம்" என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கீழே வலது மூலையில் ஆங்கிலத்தில் அவர் பெயரும் இருந்தது. அப்புறம் என்ன சந்தேகம்?

ஊர் வீட்டை விற்றபோது படம் கே.ஆர்.புரத்தில் இருக்கும் என் ஃப்ளாட்டுக்கு வந்து சேர்ந்தது. இதே சமயத்தில், 2023-ல், ரவி வர்மாவின் யசோதையும் கிருஷ்ணனும் இருக்கும் ஒரு ஓவியம் மும்பை ஏலத்தில் 38 கோடிக்குப் போனது. குடும்ப வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தியை முதலில் போட்டவன் சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தப்பா மகன். கீழே ஒரே ஒரு வரி: "அக்கா, பூட்டன் பத்திரமா?" அதுவரைக்கும் பூட்டனைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை.

இந்தப் பட்டறைக்குப் போவதற்கு முன்னால் நான் ஏமாந்த கதையையும் சொல்லியாக வேண்டும். நகரத்தின் நடுவில் ஏ.சி. போட்ட அலுவலகம், "மதிப்பீடு, சான்றிதழ்" என்று பலகை. படத்தைத் தூக்கி வரக்கூட வேண்டாம், போனில் நாலு போட்டோ போதும் என்றார்கள். போனேன். அந்த மனிதர் போட்டோவைப் பெரிதாக்கி, மூலையில் இருந்த கையெழுத்தைப் பார்த்து, தலையை ஆட்டினார். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம். பதினைந்தாயிரம் ரூபாய். தங்க நிற முத்திரை வைத்த கெட்டி அட்டையில் "ரவி வர்மா, ஏறத்தாழ 1890" என்று கொடுத்தார். 1890-ஐ எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "பாணி" என்றார். பெயரும் வேண்டாம், தெருவும் வேண்டாம். விஷயம் இவ்வளவுதான்: போட்டோவைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

காக்ஸ் டவுன் பட்டறையைச் சொன்னது என் தோழி. படத்தைக் கொண்டுபோவதே ஒரு பாடு. எந்த டாக்சியிலும் நுழையவில்லை. பெட்ஷீட்டில் சுற்றி, தெர்மகோல் வைத்து, தெரிந்தவர் டாடா ஏஸில் ஏற்றி, டின் ஃபேக்டரி சிக்னலில் முக்கால் மணி நேரம் நின்று, போய்ச் சேர்ந்தபோது பட்டறைக்காரப் பெண் முதலில் கேட்டது படத்தைப் பற்றி இல்லை. "ஆன்ட்டி, ஏன் படுக்க வச்சுக் கொண்டுவந்தீங்க?" நிறுத்தித்தான் கொண்டுவர வேண்டுமாம். படுக்க வைத்தால் வண்டி குதிக்கும்போது கேன்வாஸும் தப்பட்டை மாதிரி அதிருமாம், விரிசல் விட்ட பெயின்ட் உதிர்ந்துவிடுமாம். போன் பண்ணியபோது இதைச் சொல்லியிருக்கலாம் இல்லையா? இது என் முதல் குறை. அந்த "ஆன்ட்டி" இரண்டாவது குறை. மூன்றாவது தடவை போனபோது அது தானாக "அக்கா" ஆகிவிட்டது.

அவளிடம் எனக்குப் பிடித்தது, கையெழுத்தைக் கடைசியில்தான் பார்த்தாள். முதலில் படத்தைத் திருப்பிப் போட்டாள். எங்கள் வீட்டில் நூறு வருஷமாக யாரும் படத்தின் முதுகைப் பார்த்ததே இல்லை. ஒட்டடையைத் தூரிகையால் தட்டிவிட்டு டார்ச் அடித்தாள். கேன்வாஸில் மங்கலாக ஒரு முத்திரை. பாதி எழுத்து போய்விட்டது. மீதியை அவள் விரலால் காற்றில் எழுதிக் காட்டினாள்: வின்சர் அண்ட் நியூட்டன், ராத்போன் பிளேஸ். லண்டனில் 1832-ல் தொடங்கிய வண்ணக் கம்பெனி. அங்கிருந்து கப்பலில் வந்த கேன்வாஸ். நான் உடனே "அப்போ ரவி வர்மாதானே?" என்றேன். "இந்தக் கம்பெனி சாமானை அன்னைக்கு நல்லா வரையறவங்க எல்லாரும்தான் வாங்கினாங்க" என்றாள். இந்த மாதிரிப் பதில்கள் எனக்குப் பிறகு பழகிவிட்டன.

அடுத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு ஊதா விளக்கைப் பிடித்தாள். அதைப் பார்த்ததற்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது என்பேன். பழைய வார்னிஷ் அந்த விளக்கில் பச்சையாக, குளத்துப் பாசி மாதிரி மினுங்கியது. அதன் மேல் அங்கங்கே கரும் திட்டுகள். கழுத்துக்குக் கீழே, தலைப்பாகையில், நேரியலின் மடிப்பில். அதெல்லாம் பின்னால் யாரோ தொட்டுப் பூசிய இடங்கள். பூட்டனுக்கு அம்மை போட்டு இறங்கிய மாதிரி இருந்தது. மூலையில் இருந்த கையெழுத்தும் அந்தப் பச்சைக்கு மேலே கறுப்பாக மிதந்தது.

பிறகு மைக்ராஸ்கோப். என்னையும் பார்க்கச் சொன்னாள். பெயின்ட் வெடிப்பு என்பது அத்தனை பெரிதாகப் பார்த்தால் கோடைகால ஏரித் தரை மாதிரி இருக்கிறது. ரவி வர்மா என்ற பெயரின் முதல் எழுத்து ஒரு வெடிப்பைக் கடந்து போகும் இடத்தைக் காட்டினாள். எழுத்து முதலில் இருந்து, வெடிப்பு பிறகு வந்திருந்தால், எழுத்தும் சேர்ந்து வெடித்திருக்க வேண்டும். இங்கே செம்பழுப்பு வண்ணம் வெடிப்புக்குள் இறங்கி வழிந்திருந்தது. வாய்க்கால் வெட்டிய பிறகு தண்ணீர் ஓடியிருக்கிறது. அதாவது படம் பழசாகி, வெடித்து, வார்னிஷும் மஞ்சளடித்த பிறகு யாரோ உட்கார்ந்து பெயர் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு முகம் விழுந்துவிட்டது போல. அவளே சமாதானம் சொன்னாள்: "கையெழுத்து பொய்யின்னா படமும் பொய்யின்னு அர்த்தம் இல்ல. கையெழுத்தே போடாத நல்ல படத்துக்கு யாராவது நம்பிப் பேரு எழுதி வச்சிருக்கலாம்." நம்பி எழுதினார்களா, விற்க எழுதினார்களா என்பதற்கு விளக்கு கிடையாது.

அன்று ராத்திரி நாகர்கோவிலில் இருக்கும் அத்தைக்குப் போன் பண்ணினேன். அப்பாவின் தங்கை, வயது எண்பத்தாறு. பாட்டா படத்தை யாராவது வெளியே கொண்டுபோனார்களா என்று கேட்டேன்.

"ஒருக்க சித்தப்பா வடசேரிக்குக் கொண்டு போனாவ மக்ளே. வார்னிஷ் அடிக்கணும்னு. நான் அப்ப பத்தாவது."

"திரும்பி வந்தப்ப மூலையில பேரு இருந்துதா அத்தை? முன்னால இருந்துதா?"

"பளபளன்னு வந்துது. அதுதான் ஓர்ம. பேரெல்லாம் ஆரு பாத்தா? நீ எதுக்கு இப்ப செத்தவாளை விசாரிக்க?"

சித்தப்பா, அதாவது எனக்குச் சின்னப் பாட்டா, அந்தக் காலத்தில் ஒரு கார் வாங்க ஆசைப்பட்டுப் பல பொருள்களை விற்கப் பார்த்தவர் என்பது குடும்பத்தில் வேறொரு கதை. இரண்டையும் நான் கூட்டிப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

சரி, பட்டறைக்கு வருவோம். இரண்டாம் கட்டம் லேப். பெயின்ட்டில் என்னென்ன உலோகம் இருக்கிறது என்று தொடாமலே எக்ஸ்ரே கருவி வைத்துப் பார்ப்பது. கருவி இவர்களிடம் இல்லை, வெளியிலிருந்து ஒருவர் கொண்டுவந்தார். அதற்கு ஒன்பதாயிரம் தனி என்பது பில்லில்தான் எனக்குத் தெரிந்தது. இது மூன்றாவது குறை, கொஞ்சம் பெரிய குறை. கேட்டபோது "சொன்னேனே அக்கா" என்றாள். சொல்லவில்லை.

ஆனால் அந்த ஒன்பதாயிரத்துக்குக் கிடைத்த தகவல் நல்ல தகவல். ஓவியர்கள் பயன்படுத்தும் வெள்ளைக்கு வயது உண்டு. ஈய வெள்ளை மிகப் பழசு, துத்தநாக வெள்ளை பத்தொன்பதாம் நூற்றாண்டு, டைட்டானியம் வெள்ளை ஓவிய வண்ணமாகக் கடைக்கு வந்ததே 1920-ஐ ஒட்டி. பூட்டனின் தலைப்பாகையில் இருந்தது ஈயமும் துத்தநாகமும். ஊதா விளக்கில் கறுப்பாகத் தெரிந்த திட்டுகளில் மட்டும் டைட்டானியம். ஆக, அடியில் இருக்கும் படம் பழசாக இருக்க இடமுண்டு, ஒட்டுவேலை பிற்காலத்தது. வடசேரி, வார்னிஷ், பளபள.

அகச்சிவப்புக் கேமரா வைத்தும் எடுத்தார்கள். மேல் வண்ணத்தை ஊடுருவி அடியில் இருக்கும் பென்சில் கோடு அதில் தெரியும். முகம் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு, கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி. சின்னப் போட்டோவைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கியிருக்கிறார்கள். பூட்டன் யார் முன்னாலும் மணிக்கணக்காக உட்காரவில்லை. ஒரு போட்டோ ஸ்டுடியோவில் ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், அவ்வளவுதான். "அப்போ ரவி வர்மா இல்லையா?" மறுபடியும் கேட்டேன். "அவரும் போட்டோ பார்த்து வரைஞ்சவர்தான்." மறுபடியும் அதே மாதிரிப் பதில்.

கைகளைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டும். அந்த முகத்தைப் போட்டவர் கெட்டிக்காரர். இடது கண்ணுக்குக் கீழே தோல் தொங்கும் மடிப்பில் ஒரு இளஞ்சிவப்பு, ஒரு சாம்பல், இரண்டும் சேரும் இடத்தில் ஈரம். என் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் அதே மடிப்பு இருந்தது. ஆனால் மேசைமேல் இருக்கும் வலது கையைப் பாருங்கள். ஐந்து விரலும் ஒரே தடிமன், ரசகதலிப் பழச் சீப்பு மாதிரி. மோதிரம் விரலைச் சுற்றி வராமல் மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே ஆள் இரண்டையும் போட்டிருப்பாரா? போன விடுமுறையில் திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் ரவி வர்மா படங்களுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்று வெறும் கைகளாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். காவலாளி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கைகளில் எலும்பு இருக்கிறது. பூட்டன் கையில் இல்லை.

ஆனால் அதுவும் முடிவு இல்லை என்றாள். ரவி வர்மாவோடு அவர் தம்பி ராஜ ராஜ வர்மா 1905-ல் சாகும்வரை கூடவே சுற்றி வரைந்தவர். பின்னணிகளில் அவர் கை உண்டு. இன்னும் உதவியாட்கள். ஒரு படத்தில் இரண்டு கை இருப்பது அந்தக் காலப் பட்டறைகளில் சாதாரணம். அதுவும் போக, திருவிதாங்கூர் அரண்மனையில் அவருக்கு முன்னாலேயே நம் பக்கத்து ஓவியர்கள் இருந்தார்கள். மதுரை அழகிரி நாயுடு, அவர் வழியில் ராமசாமி நாயுடு. ராமசாமி நாயுடு சிறுவன் ரவி வர்மாவுக்கு எண்ணெய் வண்ணத்தைச் சொல்லித்தர மறுத்தார் என்றும், அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை ராத்திரியில் மறைவாகச் சொல்லித்தந்தார் என்றும் ஒரு கதை உண்டு. அந்த ஆறுமுகம் பிள்ளை மாதிரி எத்தனை பேர் தாசில்தார்களையும் வக்கீல்களையும் வரைந்துவிட்டுப் பேர் போடாமல் போயிருப்பார்கள்? இதைக் கேட்டதிலிருந்து என் மனசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனால் மனசு சாய்வதை அறிக்கையில் எழுத மாட்டார்கள்.

இந்த ஏலக்காரர்களின் பாஷையும் அங்கேதான் எனக்குப் புரிந்தது. பெயர் மட்டும் நேராகப் போட்டிருந்தால் அவரே வரைந்தது என்று அவர்கள் நம்புகிறார்கள். "அவருடையதாகக் கருதப்படுவது" என்றால் ஒரு படி கீழே. "அவர் பட்டறை", "அவர் வட்டம்", "அவரைப் பின்பற்றியவர்", கடைசியில் "அவர் படத்தைப் பார்த்து வரைந்தது". நம் ஊரில் தூரத்துச் சொந்தத்தை விளக்குகிற மாதிரிதான், படி இறங்க இறங்கப் பத்திரிகை வைக்கிற மரியாதை குறையும். ஆனால் இந்தப் படிகளும் நிலையானவை இல்லை. லியனார்டோ டாவின்சியுடையது என்று சொல்லப்படும் கிறிஸ்துவின் ஓவியம் ஒன்று 1958-ல் லண்டனில் சீடர் ஒருவர் பெயரில் 45 பவுண்டுக்குப் போனது. அதையே 2017-ல் லியனார்டோ பெயரில் 45 கோடி டாலருக்கு ஏலம் எடுத்தார்கள். இன்னும் அறிஞர்கள் அடித்துக்கொள்கிறார்கள். கீழே கடையில் ஃபிரேம் அறுத்துக்கொண்டிருந்த பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, "நம்ம பக்கம் பத்திரம் இல்லாத சைட்டும் அப்படித்தாம்மா, ஏறும் இறங்கும்" என்றார். பெங்களூர்க்காரர், வேறெப்படிச் சொல்வார்?

மூன்றாம் கட்டம் சுத்தம் செய்வது. வார்னிஷை எடுப்பதற்கு முன்னால் மேல் அழுக்கை எடுக்க வேண்டும். அதற்கு அவள் பயன்படுத்தியது எச்சில். நான் பார்க்கவே கூடாத நேரத்தில் போய்விட்டேன். சின்னக் குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் தொட்டு, பூட்டன் நெற்றியில் உருட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் எச்சில் கையால் சாமி படத்தைத் தொட்டாலே தலைக்குக் குளிக்கச் சொல்வார்கள். "மனுஷ எச்சில்ல இருக்கிற நொதி எண்ணெய்ப் பிசுக்கை மெதுவாக் கரைக்கும் அக்கா, பெரிய மியூசியங்கள்ள எல்லாம் இதுதான்" என்றாள். பஞ்சு கறுத்துக்கொண்டே வந்தது. அத்தனையும் தேங்காய் எண்ணெயும் விளக்குப் புகையும். ஒரு டப்பா நிறைய எங்கள் வீட்டு ஆடி அமாவாசைகள். இதை அத்தையிடம் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படிக்கிற உறவினர்களும் சொல்ல வேண்டாம்.

குங்குமம் வைத்த இடம் மட்டும் போகவில்லை. வண்ணத்துக்குள் இறங்கிவிட்டது, கிளறினால் நெற்றியும் வந்துவிடும் என்று விட்டுவிட்டாள். நல்லதுதான்.

வார்னிஷ் போனதும் கோட்டின் இடப்பக்கத்தில் புதிதாக ஒன்று முளைத்தது. ஒரு பதக்கம். நாங்கள் யாரும் பார்த்திராதது. வெள்ளி வட்டம், மேலே நாடா. நாடாவின் நிறம் கருநீலம், நடுவில் சிவப்பு. பட்டறைப் பெண் எனக்கு வேலை நேரத்தில் போன் பண்ணிய ஒரே தடவை அன்றுதான்.

ஏன் என்றால், ஏழாம் எட்வர்டு முடிசூட்டலுக்கு 1902-ல் கொடுத்த பதக்கத்தின் நாடா கருநீலம், நடுவில் ஒரு சிவப்புப் பட்டை, இரண்டு ஓரத்திலும் மெல்லிய வெள்ளை. ஐந்தாம் ஜார்ஜுக்கு 1911-ல் கொடுத்த பதக்கத்தின் நாடாவும் கருநீலம்தான், ஆனால் நடுவில் இரண்டு மெல்லிய சிவப்புக் கோடு. ரவி வர்மா இறந்தது 1906 அக்டோபர் 2. ஒரு பட்டை என்றால் கதவு திறந்திருக்கிறது. இரண்டு கோடு என்றால் ஆள் போய் ஐந்து வருஷம்.

அந்த இடம் மொத்தமே சுண்டுவிரல் நகத்தில் பாதி. யாரோ எப்போதோ அழுத்தித் துடைத்து, சிவப்பின் நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நடுவில் ஒரு கீற்று நீலம் தெரிகிறது. அது இரண்டு கோட்டுக்கு நடுவில் ஓவியர் விட்ட நீலமா, சிவப்புப் பட்டை தேய்ந்து அடியில் இருந்து எட்டிப்பார்க்கும் நீலமா? ஓரத்தில் வெள்ளை இருக்கிறதா என்றால், ஒரு பக்கம் இருக்கிற மாதிரி இருக்கிறது. பூட்டன் ஜாதகப்படி 1855-ல் பிறந்தவர். 1902-ல் நாற்பத்தேழு, 1911-ல் ஐம்பத்தாறு. மீசையில் நரை இருக்கிறது. நரை நாற்பத்தேழுக்கும் வரும், ஐம்பத்தாறுக்கும் வரும்.

சிங்கப்பூர்த் தம்பி வீடியோவில் வந்தான். "எப்படியும் அந்த இடத்தை டச்சப் பண்ணத்தானே போறாங்க? ஒரு பட்டையாப் பண்ணச் சொல்லுக்கா." நான் அவளிடம் இதைக் கேட்கவில்லை என்றால் அதுவும் பொய். கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவள் பஞ்சுக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மற்ற ஓட்டைகளை நிரப்பினாள், நேரியல் மடிப்பைச் சரி செய்தாள், தலைப்பாகையில் இருந்த டைட்டானியத் திட்டுகளை எடுத்துவிட்டு மெல்லிய வண்ணம் தொட்டாள். பதக்கத்தின் நாடாவை மட்டும் இருந்தபடியே விட்டுவிட்டாள். கையெழுத்தை எடுப்பதா விடுவதா என்று என்னையே முடிவு செய்யச் சொன்னாள். விட்டுவிடு என்றேன். பொய்க் கையெழுத்தாக இருந்தாலும் எங்கள் வீட்டுப் பொய் அது.

தம்பிக்கு இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டியிருந்தது. படத்தைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய் அங்கே விற்கலாம் என்று அவனுக்கு ஒரு யோசனை. 1972-ன் தொல்பொருள் சட்டப்படி ரவி வர்மா படைப்புகள் 1979 முதல் நாட்டின் கலைச்செல்வம். வெளிநாட்டுக்குப் போகாது. ரவி வர்மா இல்லையென்றாலும் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஓவியம் தொல்பொருள், அதுவும் போகாது. "அப்போ ரெண்டு பக்கமும் அடியா?" என்றான். ஆமாம் என்றேன்.

இனி கணக்கு. முதல் பார்வைக்கு 2,500. ஆய்வும் அறிக்கையும் 24,000. லேப் 9,000. சுத்தம், பழுது, ஃபிரேம் எல்லாம் சேர்த்து 68,000. மொத்தம் 1,03,500, வரி தனி. பாதி முன்பணம். அதிகம்தான். என் வீட்டுக்காரர் முகத்தில் அது இன்னும் தெரிகிறது. ஆறு வாரம் என்று சொல்லித் தையில் வாங்கிக்கொண்டவர்கள் ஆனியில்தான் கொடுத்தார்கள். காலையில் போன் எடுப்பதில்லை. படத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் வண்டியும் இன்ஷூரன்ஸும் நம் பொறுப்பு. வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடையாது, மாடிப்படி செங்குத்து, முட்டி வலி உள்ளவர்கள் கீழேயே பெரியவரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். அவர் வாங்கித்தரும் காப்பி நன்றாக இருக்கும்.

அறிக்கை இருபத்திரண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ். அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டும், தமிழில் ஒரு பக்கம் தர முடியுமா என்று கேட்டேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அவள் சொல்லச் சொல்லப் பெரியவர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்: "ஓவியர் தெரியவில்லை. இரண்டு கைகள் வேலை செய்திருக்கலாம். இடம் திருவிதாங்கூராக இருக்கலாம். 1902-க்கு முந்தியது அல்ல. கையெழுத்து பிற்காலத்தில் எழுதப்பட்டது. ரவி வர்மா வரைந்ததாகச் சொல்ல ஆதாரம் போதாது." அந்தத் தாளையும் தங்க முத்திரைச் சான்றிதழையும் ஒரே கவரில் வைத்திருக்கிறேன். 1890 என்று போட்ட அந்த ஆளுக்கு இந்தப் பதக்கத்தைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருவேன். லேப் காசை முன்னாலேயே சொல்லியிருந்தால், சொன்ன தேதியில் தந்திருந்தால், ஐந்து. யாருடைய படம் என்று பேர் சொல்ல வேண்டும், அதைக் காட்டி விற்க வேண்டும் என்பவர்கள் இங்கே போக வேண்டாம், இருவருக்கும் சங்கடம். அரித்துப்போன, புகையேறின, எண்ணெய் தடவின படம் வீட்டில் இருக்கிறவர்கள் கட்டாயம் போங்கள். பெயரும் நம்பரும் வேண்டுமென்றால் என்னைத் தனியாகக் கேளுங்கள், காலண்டராக இருந்தால் கேட்காதீர்கள்.

படம் இப்போது ஹாலில், வெயில் படாத சுவரில். போன வாரம் அத்தைக்கு வீடியோ போட்டுக் காட்டினேன். பெரியவர் எழுதின தாளையும் படித்தேன். ரவி வர்மா இல்லை என்று சொல்லவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை என்று விளக்கினேன். அத்தை அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பாட்டா கண்ணு எவ்வளவு தெளிவாயிருக்கு என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு அந்தப் பதக்கத்தை அருகில் காட்டச் சொன்னாள். போனைக் கொண்டுபோய் நாடாவுக்கு நேராகப் பிடித்தேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டு கோடு மாதிரியில்லா இருக்கு மக்ளே... இல்ல, ஒண்ணுதான். செல்லை ஆட்டாத."